உங்களுக்குத் தெரியுமா? மூன்றாம் எண் மால்தினி!

கோல் போட்டவர் படம் மறுநாள் பேப்பரில் வரும். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவர் படம் வருவது அபூர்வம். அந்த வேலையை ஒரே கிளப்பில் 25 சீசன் பார்த்தவர் இத்தாலியின் பாவ்லோ மால்தினி. ஏ.சி. மிலான் அணிக்காக 902 ஆட்டங்கள். போட்ட கோல் 33. இந்த வாரப் பக்கம் முழுக்க அவருக்குத்தான். சில தகவல்கள் ஒரு வரியில் முடிந்துவிடும். சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

● முதல் ஆட்டம் 1985 ஜனவரி 20, உதினேசே அணியுடன், அவர்கள் ஊரிலேயே. அந்த மாதம் வட இத்தாலியில் பேய்ப்பனி. மிலான் நகரில் சான் சீரோ மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த உள்விளையாட்டு அரங்கின் கூரையே பனிப் பாரம் தாங்காமல் சேதமானது. உதினேவில் முதல் பாதி முடிந்தபோது செர்ஜோ பத்திஸ்தினிக்குக் காயம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த 16 வயதுப் பையனைக் கோச் நீல்ஸ் லீட்ஹோம் கூப்பிட்டார். வலப் பக்கம் ஆடுகிறாயா, இடப் பக்கமா என்று கேட்டார். அவ்வளவுதான் அறிவுரை. பையன் வலப் பக்கம் இறங்கினான். ஆட்டம் 1-1. அந்த சீசனில் லீக்கில் அவனுக்குக் கிடைத்தது அந்த அரை ஆட்டம்தான்.

● அந்த லீட்ஹோம் யார் தெரியுமா? சுவீடன்காரர். 1958 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலைப் போட்டவர். 1950-களில் மிலான் அணியில் ஆடியபோது அவருடைய சக ஆட்டக்காரர், செசாரே மால்தினி. பாவ்லோவின் அப்பா! தன்னோடு ஆடியவரின் பிள்ளையை அவரே களத்தில் இறக்கிவிட்டார்.

● சின்ன வயதில் பாவ்லோ எந்த அணியின் ரசிகர்? யுவென்டஸ். அப்பா மிலானின் கேப்டனாக இருந்த வீட்டில் இது எப்படி அனுமதிக்கப்பட்டது என்பதுதான் ஆச்சரியம்.

● உலகின் தலைசிறந்த லெஃப்ட் பேக் என்று பெயர் வாங்கியவருக்கு இயல்பில் வலக்கால் பழக்கம். மிலானில் ரைட் பேக் இடத்தை மவுரோ தசோத்தி பிடித்து வைத்திருந்ததால் இவர் எதிர்ப்பக்கம் போக வேண்டியதாயிற்று. அதில் ஒரு லாபம் உண்டு. எதிரணியின் விங்கர் கோட்டோரம் போகாமல் உள்பக்கம் வெட்டித் திரும்பினால், டிஃபெண்டரின் பலமான கால் சரியாக அந்தப் பக்கமே காத்திருக்கும். நஷ்டமும் உண்டு. முன்னேறிப் போய் ஓட்டத்திலேயே கிராஸ் போட இடக்கால் வேண்டும். அதற்காக இடக்காலை எவ்வளவு பழக்கினார் என்றால், அவர் இடக்கால்காரர்தான் என்று நினைத்தே ஓய்வு வரை பார்த்தவர்கள் ஏராளம்.

● 1987-ல் மிலானுக்கு ஒரு புதுக் கோச் வந்தார். அர்ரீகோ சாக்கி. ஒரு காலத்தில் செருப்பு வியாபாரம். தொழில்முறைக் கால்பந்து ஆடியதே இல்லை. இத்தாலியில் அதுவரை டிஃபெண்டர் என்றால் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு திரிவதுதான் வழக்கம். பின்னால் ஒருவர் தனியாக நின்று சிந்துவதை எல்லாம் பொறுக்குவார். சாக்கி அதைத் தூக்கிப் போட்டார். நான்கு டிஃபெண்டர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், பந்து எங்கே போகிறதோ அதைப் பார்த்து நால்வரும் சேர்ந்து நகர வேண்டும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே ஏறக்குறைய 25 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.

ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன் போன்ற டச்சு நட்சத்திரங்களுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. சாக்கி பந்தயம் கட்டினார். ஒரு பக்கம் கோல்கீப்பர் ஜொவான்னி கல்லி, தசோத்தி, பரேசி, கோஸ்தகூர்த்தா, மால்தினி என ஐந்தே பேர். எதிர்ப்பக்கம் வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்டு உள்பட பத்துப் பேர். 15 நிமிடம். பந்து பறிபோனால் பத்துப் பேரும் தங்கள் பாதிக்குள் திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பத்துப் பேரால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. இதை ஒருமுறை மட்டும் செய்யவில்லை, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் அதே முடிவுதான் என்று சாக்கியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்போது மால்தினிக்கு இருபது வயது சுமார்.

பந்தே இல்லாமல் பயிற்சி என்பதும் சாக்கியின் கண்டுபிடிப்புகளில் ஒன்றாகப் பேசப்படும். பந்து இன்ன இடத்தில் இருப்பதாக அவர் சொல்வார். பதினோரு பேரும் அதற்கேற்ப நகர வேண்டும். வெளியில் இருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும்.

● அந்த நால்வரில் ஃப்ராங்கோ பரேசியை முதலில் இன்டர் மிலான் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பியது. அவருடைய அண்ணனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அண்ணன் இன்டருக்கும் தம்பி மிலானுக்கும் கேப்டன்.

● 1987-88 சீசன். 30 லீக் ஆட்டங்களில் மிலான் விட்ட கோல் 14. பட்டம் மிலானுக்கு.

1993-94 சீசன் இன்னும் வினோதம். 34 ஆட்டங்களில் மிலான் போட்டதே 36 கோல்தான். விட்டது 15. அதற்கும் பட்டம் மிலானுக்கு! கோல்கீப்பர் செபாஸ்தியானோ ரோஸி அந்த சீசனில் தொடர்ந்து 929 நிமிடம் கோல் விடவில்லை. பத்து ஆட்டத்துக்கும் மேல். ஆனால் ரோஸியின் பெயர் கால்பந்து ரசிகர்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவருக்கு முன்னால் நின்றவர்களின் பெயர்தான் இருக்கிறது. டிஃபெண்டர்கள் ஒருமுறையாவது புகழைக் கோல்கீப்பரிடமிருந்து பறித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

● அதே 1994 மே 18, ஏதென்ஸ். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். எதிரே யோஹான் க்ரைஃபின் பார்சலோனா. முன்வரிசையில் ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ். மிலானில் பரேசிக்கும் கோஸ்தகூர்த்தாவுக்கும் தடை. நடுத்தூண் இரண்டும் இல்லை. லெஃப்ட் பேக்கான மால்தினியை நடுவுக்கு இழுத்து, ஃபிலிப்போ கல்லியோடு ஜோடி சேர்த்தார் கோச் ஃபாபியோ கபெல்லோ. ஆட்டத்துக்கு முன் பார்சலோனாதான் ஜெயிக்கும் என்று எழுதாதவர் குறைவு. முடிவு 4-0, மிலானுக்கு.

கோஸ்தகூர்த்தாவின் ஜாதகத்தைப் பாருங்கள். அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவருக்குத் தடை. இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பை இறுதியாட்டத்திலும் தடை.

● மால்தினி ஆடிய காலத்தில் கால்பந்து விதிகளில் வந்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பெரும்பாலும் எல்லாமே டிஃபெண்டர்களுக்கு எதிரானவை.

1990 வரை, கடைசி டிஃபெண்டருக்குச் சரிசமமான கோட்டில் நிற்கும் ஸ்ட்ரைக்கரும் ஆஃப்சைடு. அந்த ஆண்டு முதல் சரிசமம் என்றால் ஆஃப்சைடு இல்லை என்றார்கள். கொடியை நம்பிக் கையைத் தூக்கியே பிழைத்தவர்களுக்கு முதல் அடி.

1992 வரை, நெருக்கடி வந்தால் டிஃபெண்டர் பந்தைத் தன் கோல்கீப்பருக்கே தட்டிவிடுவார். அவர் கையில் எடுத்து வைத்துக்கொள்வார். நேரம் போகும், கூட்டம் ஊளையிடும். அதற்கும் தடை வந்தது. காலால் தட்டிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. அன்றிலிருந்து டிஃபெண்டருக்குப் பந்தை ஆளவும் தெரிந்திருக்க வேண்டும். பந்தைத் தூர உதைத்தே காலம் தள்ளியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

1994-95 முதல் இத்தாலிய லீக்கில் வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பது மூன்றானது. ஒரு புள்ளிக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவது லாபமில்லாத தொழிலாயிற்று. 1998 உலகக் கோப்பையிலிருந்து, பின்னாலிருந்து வந்து காலை வாரும் ஆபத்தான டேக்கிளுக்கு நேராகச் சிவப்பு அட்டை. பரேசிக்கு முந்தைய தலைமுறை டிஃபெண்டர்களில் பாதிப் பேர் இந்த விதியில் அரை மணி நேரம் தாங்கியிருக்க மாட்டார்கள்.

மால்தினி தாங்கினார். காரணம், அவருடைய தொழில் தரையில் விழுந்து வழுக்கும் டேக்கிளை நம்பியதல்ல. விழுந்துவிட்ட டிஃபெண்டர் அடுத்த மூன்று விநாடிக்கு ஆட்டத்தில் இல்லாதவர். அதனால் ஸ்ட்ரைக்கருக்குப் பந்து வருவதற்கு முன்பே அவர் எங்கே திரும்ப முடியும், எங்கே முடியாது என்பதைத் தன் உடம்பை நிறுத்தும் கோணத்திலேயே முடிவுசெய்துவிடுவார். பழக்கமில்லாத காலின் பக்கம், அல்லது கோட்டோரம். அங்கே போய் எதிராளி என்ன செய்தாலும் பெரிய சேதமில்லை. அவர் சட்டை பல ஆட்டங்களின் முடிவில் சலவை மடிப்போடு இருந்ததாகக் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் பாதி உண்மை. தேவைப்பட்ட நேரத்தில் அவர் அடித்த வழுக்கு டேக்கிளும் பாடப்புத்தகத்தில் வைக்கக்கூடியதுதான்.

● வேகமும் தேவைப்படும் லெஃப்ட் பேக் இடத்தில் முப்பது வயதுக்கு மேல் நீடிப்பது கஷ்டம். மால்தினி முப்பதைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு, சென்டர் பேக் இடத்துக்கு நகர்ந்தார். 2002-ல் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்தா மிலானுக்கு வந்ததும் இருவரும் ஜோடி. அதே காலத்தில் கிளப் தொடங்கிய ‘மிலான் லேப்’ என்ற ஆய்வுக்கூடம் ஆட்டக்காரர்களின் தசை, மூட்டு, தூக்கம் எல்லாவற்றையும் அளந்து கணக்கு வைத்தது. 39 வயதில், 2007-ல், ஐரோப்பிய கிளப் போட்டிகளின் சிறந்த டிஃபெண்டர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. நாற்பதை நெருங்கும் ஒருவருக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு என்று யாரும் சொல்லவில்லை.

● 1987 முதல் 1992 வரை மால்தினியோடு மிலானின் நடுக்களத்தில் ஆடியவர் கார்லோ ஆஞ்செலோத்தி. 2001-ல் அவரே மிலானுக்குக் கோச்சாக வந்தார். 2009-ல் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள்.

● இத்தாலிய முதல்நிலை லீக்கில் அதிக ஆட்டம் ஆடியவர் என்ற சாதனை முதலில் தீனோ ஜோஃபிடம் இருந்தது: 570. 2005-ல் மால்தினி அதைத் தாண்டி 647-ல் நிறுத்தினார். 2020 ஜூலையில் அதைத் தாண்டியவர் ஜான்லூயிஜி புஃபோன். முன்னவரும் கோல்கீப்பர், பின்னவரும் கோல்கீப்பர். நடுவில் ஓடியாடிய ஆள் இவர் ஒருவர்தான்.

தேசிய அணியிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஜோஃபின் 112 ஆட்டங்களைத் தாண்டி 126 வரை போனார். அதை 2009-ல் ஃபாபியோ கன்னவாரோ தாண்டினார், பிறகு புஃபோன்.

● ஐரோப்பியக் கோப்பை, அதாவது சாம்பியன்ஸ் லீக், இறுதியாட்டங்கள் எட்டு. வென்றது ஐந்து: 1989, 1990, 1994, 2003, 2007. தோற்றது மூன்று: 1993, 1995, 2005. முதல் கோப்பைக்கும் கடைசிக் கோப்பைக்கும் 18 ஆண்டு இடைவெளி. 1994-ல் கோப்பை வாங்கிய அதே ஏதென்ஸ் ஒலிம்பிக் மைதானத்தில்தான் 2007-லும் வாங்கினார். இந்த முறை கேப்டனாக, 39-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு.

● தோற்ற மூன்றில் 2005-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இஸ்தான்புல். எதிரணி லிவர்பூல். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிர்லோ அடித்த ஃப்ரீ கிக்கை மால்தினி வலக்காலால் நேராக வாங்கி வலைக்குள் அடித்தார். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டங்களில் மிக வேகமான கோல் அதுதான். இறுதியாட்டத்தில் கோல் போட்ட மிக வயதானவரும் அவர்தான், அப்போது 36. பாதி ஆட்டத்தில் மிலான் 3-0. இரண்டாம் பாதியில் ஆறு நிமிடங்களுக்குள் லிவர்பூல் மூன்று கோல் போட்டது. பெனால்டியில் மிலான் தோற்றது. வாழ்நாள் முழுக்கக் கோல் விழாமல் காத்தவரால், அபூர்வமாகக் கோல் போட்ட அன்று காக்க முடியாமல் போனது.

● நான்கு உலகக் கோப்பைகள் ஆடினார் மால்தினி. எதிலும் கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் இத்தாலி வெளியேறிய விதத்தைக் கவனியுங்கள்.

1990, சொந்த நாட்டில். நம்மூரில் நள்ளிரவு தாண்டித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். முதல் ஐந்து ஆட்டத்தில் இத்தாலி ஒரு கோல்கூட விடவில்லை. நாப்போலியில் அரையிறுதி. அர்ஜென்டினாவின் கனிஜா ஒரு கோல் போட்டார், 1-1. பெனால்டியில் தோல்வி. 1994, கலிஃபோர்னியாவில் இறுதியாட்டம், பிரேசிலோடு 120 நிமிடம் 0-0. பெனால்டியில் தோல்வி. முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து நாலு வாரம்கூட ஆகாத பரேசி அன்று 120 நிமிடமும் ஆடினார். ஷூட்-அவுட்டில் முதல் பெனால்டியை வானத்துக்கு அடித்தவரும் அவரே. 1998, காலிறுதி, ஃபிரான்ஸ். 0-0. மறுபடியும் பெனால்டி.

2002, தென் கொரியாவின் தேஜான். 1-1. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் அதோடு முடியும் என்ற ‘கோல்டன் கோல்’ விதி. 117-ஆவது நிமிடத்தில் ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் முட்டிக் கோல் போட்டார். அவர் எம்பியது யாருக்கு மேல்? மால்தினிக்கு மேல். அந்த ஆட்டத்தின் நடுவர், ஈக்வடார் நாட்டு பைரன் மொரேனோ, பெரிய சர்ச்சைக்கு ஆளானார். எட்டு வருடம் கழித்து நியூயார்க் விமான நிலையத்தில் போதைப்பொருளோடு பிடிபட்டவரும் அவர்தான். அது வேறு வழக்கு. ஆன், அப்போது இத்தாலியின் பெருஜா அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். இத்தாலியைத் தோற்கடித்தவனுக்குச் சம்பளம் தர மாட்டேன் என்று பெருஜா முதலாளி கொதித்ததும் செய்திகளில் வந்தது.

நான்கு உலகக் கோப்பை, 23 ஆட்டம், ஒருமுறைகூட 90 நிமிடத்துக்குள் வெளியேற்றப்படவில்லை. இடையில் 2000-ஆம் ஆண்டு யூரோ கோப்பை இறுதியாட்டம் வேறு: கூடுதல் விநாடிகளில் சமன் செய்த ஃபிரான்ஸ், கோல்டன் கோலில் ஜெயித்தது. அந்த விதியைக் கால்பந்து உலகம் 2004-ல் கைவிட்டது. மால்தினிக்கு இரண்டு வருடம் தாமதம்.

● உலகக் கோப்பையில் அவர் களத்தில் இருந்த நேரம் 2,217 நிமிடம். இருபது வருடம் யாராலும் தொட முடியாத எண். 2022 இறுதியாட்டத்தில் லியோனல் மெஸ்ஸி தாண்டினார்.

● மால்தினி 2002-ல் தேசிய அணியிலிருந்து ஓய்வுபெற்றார். 2006-ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. பெனால்டி ஷூட்-அவுட்டில்!

● ஆனாலும் மால்தினி வீட்டில் ஒரு உலகக் கோப்பை வெற்றி உண்டு. 1982-ல் இத்தாலி வென்றபோது கோச் என்ட்ஸோ பெயர்ட்ஸோட்டுக்கு உதவிக் கோச்சாக இருந்தவர் அப்பா செசாரே.

செசாரேயைப் பற்றியே ஒரு பக்கம் எழுதலாம். த்ரியெஸ்தே ஊர்க்காரர். நளினமான டிஃபெண்டர். சொந்த கோலுக்கு முன்னாலேயே பந்தை வைத்து வித்தை காட்டப்போய்ச் சில சமயம் மாட்டிக்கொள்வார். பத்திரிகைக்காரர்கள் சும்மா விடவில்லை. 1963-ல் லண்டன் வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 2-1 என்று தோற்கடித்து மிலான் முதல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கியபோது கேப்டன் அவர். சரியாக நாற்பது வருடம் கழித்து, 2003-ல், அதே இங்கிலாந்தில், மான்செஸ்டரில், மகன் கேப்டனாக அதே கோப்பையைத் தூக்கினார்.

கோச்சாக இத்தாலியின் 21 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு 1992, 1994, 1996 என்று தொடர்ந்து மூன்று ஐரோப்பியப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். 1998 உலகக் கோப்பையில் அப்பா கோச், பிள்ளை கேப்டன். 2001-ல் மிலானுக்குத் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, இன்டரை 6-0 என்று அடித்து நொறுக்கினார். அந்த ஊரில் அந்தக் கணக்கை இன்றும் யாரும் மறக்கவில்லை. 2002 உலகக் கோப்பைக்கு 70 வயதில் பராகுவே அணியின் கோச்சாகப் போனார். அப்பா ஒரு நாட்டோடு, பிள்ளை வேறு நாட்டோடு. இருவரும் ஒரே சுற்றில் வெளியேறினார்கள்.

● ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஃபிரான்ஸ் பத்திரிகை கொடுக்கும் தங்கப் பந்து விருது 1956-லிருந்து இருக்கிறது. அதைப் பெற்ற டிஃபெண்டர்கள் மூன்றே பேர். பெக்கன்பவர் இரண்டு முறை, 1972, 1976. மத்தியாஸ் ஸாமர் 1996. கன்னவாரோ 2006. இதில் பெக்கன்பவரும் ஸாமரும் பின்னாலிருந்து கிளம்பி முன்னால் வந்து ஆட்டத்தை நடத்தியவர்கள். தடுப்பதையே தொழிலாக வைத்திருந்து வாங்கியவர் கன்னவாரோ ஒருவர் என்றே சொல்லலாம். அதுவும் உலகக் கோப்பை கையில் இருந்த ஆண்டில்.

மால்தினிக்கு 1994-ல் மூன்றாம் இடம், 2003-லும் மூன்றாம் இடம். 1965-ல் இன்டரின் ஜாசின்தோ ஃபாக்கெத்திக்கு இரண்டாம் இடம், 1989-ல் பரேசிக்கு இரண்டாம் இடம். 2003-ல் மால்தினிக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பாவெல் நெத்வெத் வாங்கினார். நல்ல ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் நெத்வெத்தின் யுவென்டஸ் அணியை 120 நிமிடம் கோல் போட விடாமல் நிறுத்திய வரிசையின் கேப்டன் யார்?

● மிலானும் இன்டரும் ஒரே சான் சீரோ மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் பரம எதிரிகள். இரு அணிகளிலும் இன்று மூன்றாம் எண் சட்டையை யாரும் அணிவதில்லை. இன்டரில் அது 2006-ல் காலமான ஃபாக்கெத்தியின் எண். மிலானில் மால்தினியின் எண். இருவருமே லெஃப்ட் பேக், இருவருமே வலக்கால்காரர்கள், இருவருமே கேப்டன். மிலான் மட்டும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது: மால்தினியின் பிள்ளைகள் முதல் அணியில் ஆடினால் அவர்கள் அணியலாம்.

● 2009 மே 24. சான் சீரோவில் கடைசி ஆட்டம். ரோமாவிடம் 2-3 தோல்வி. ஆட்டம் முடிந்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது முக்கால்வாசி அரங்கம் எழுந்து கைதட்டியது. சொந்த ரசிகர்களில் ஒரு பகுதி, அதிதீவிரக் கூட்டம், தங்களுக்குக் கேப்டன் ஒருவர்தான், அது பரேசி என்று பதாகை பிடித்துக் கூச்சல் போட்டது. பகையின் வேர் 2005 இஸ்தான்புல் தோல்விக்குப் பிறகு நடந்த வாய்த்தகராறு வரை போகிறது. அந்தக் கூட்டத்துக்கு மால்தினி என்றுமே தலையாட்டியதில்லை. ஒரு வாரம் கழித்து ஃபுளோரன்ஸ் நகரில் கடைசிக் கடைசியாக ஆடினார், மிலான் 2-0. அங்கே எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். பரம எதிரி இன்டரின் ரசிகர்களும் அதே ஆண்டு டெர்பி ஆட்டத்தில் அவருக்கு மரியாதை சொல்லிப் பதாகை பிடித்திருந்தார்கள். சொந்தக்காரன் திட்ட, எதிரி வாழ்த்த, இப்படியும் ஒரு விடைபெறுதல்.

● 49 வயதில் தொழில்முறை டென்னிஸ் ஆடியிருக்கிறார்! 2017-ல் மிலானில் நடந்த சேலஞ்சர் போட்டி, இரட்டையர் பிரிவு. ஜோடி, அவருடைய டென்னிஸ் கோச் ஸ்தெஃபானோ லந்தோனியோ. முதல் சுற்றில் 1-6, 1-6. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவரைத் தோற்கடித்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்ல ஒரு கதை கிடைத்தது.

● 2018-ல் மிலானுக்கு நிர்வாகியாகத் திரும்பினார். 2019-ல் ஸ்பெயினின் இபிஸா தீவுக்கே போய், விடுமுறையில் இருந்த தியோ ஹெர்னாண்டஸைப் பேசி அழைத்துவந்தார். தியோ எந்த இடத்தில் ஆடுபவர்? லெஃப்ட் பேக்! 2022-ல் மிலான், 11 ஆண்டுக்குப் பிறகு, லீக் பட்டம் வென்றது. மறு ஆண்டு ஜூனில் கிளப் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. கிளப் முதலாளிகளுக்கு 902 என்ற எண்ணெல்லாம் பெரிதில்லை.

● இளைய மகன் டேனியல் மிலானுக்கு ஆட வந்தார், ஆனால் முன்கள ஆட்டக்காரராக. சட்டை எண் 27. 2021 செப்டம்பரில், லீக்கில் முதல்முறையாகத் தொடக்க அணியில் இடம்பிடித்த அன்றே கோல் போட்டார். மிலானுக்கு ஒரு மால்தினி கோல் போட்டு 13 வருடம் ஆகியிருந்தது. 2022 பட்டத்தோடு தாத்தா, அப்பா, பேரன் மூவரும் மிலானில் லீக் வென்றவர்கள். 2024 அக்டோபர் 10, தன் 23-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், டேனியல் இத்தாலி தேசிய அணிக்காகவும் களமிறங்கினார், பெல்ஜியத்துக்கு எதிராக. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை நீலச் சட்டை போட்டது இத்தாலியில் அதுவே முதல்முறை. மிலானின் மூன்றாம் எண்ணை மட்டும் இன்னும் யாரும் தொடவில்லை.

● கடைசியாக, பார்க்க ஒரு ஆட்டம். 2003 மே 28, ஓல்ட் டிராஃபோர்டு, மிலான் - யுவென்டஸ் இறுதியாட்டம். 120 நிமிடம், ஒரு கோலும் இல்லை. பெனால்டியில் மிலான் 3-2. சலிப்பூட்டிய இறுதியாட்டம் என்று பலரும் எழுதித் தள்ளினார்கள். ஆட்டநாயகன் மால்தினி. முழுப் பதிவு எங்காவது கிடைத்தால் உட்கார்ந்து பாருங்கள், பந்தை விட்டுவிட்டு மிலானின் பின்வரிசையை மட்டும். சலிப்பாக இருந்ததா என்று எழுதிப் போடுங்கள்.